கடலுக்கடியில் 1941

முதல் பாடம். மூச்சை அடக்காதீர்கள்.

நாமெல்லாம் கிணற்றிலும் ஏரியிலும் குதித்து நீச்சல் பழகியவர்கள். குதிப்பதற்கு முன்னால் 'தம்' கட்டுவதுதான் நமக்குத் தெரிந்த ஒரே இலக்கணம். ஸ்கூபா டைவிங்கில் அந்த இலக்கணம் செல்லாது. ஆழத்தில் சிலிண்டரிலிருந்து இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், ஏற ஏற அந்தக் காற்று விரியும். நுரையீரல் கிழிந்துவிடும். ஆகவே சீராக இழுங்கள், சீராக விடுங்கள். மற்றதை முதுகில் இருக்கும் சிலிண்டர் பார்த்துக்கொள்ளும்.

மாஸ்க் மாட்டியாச்சா? சரி, குதிக்கலாம்.

நாம் இப்போது செங்கடலில் இருக்கிறோம். எகிப்தின் சினாய் தீபகற்பத்துக்கு மேற்கே, கூபால் ஜலசந்தி. ஷர்ம் எல் ஷேக்கிலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்பிய படகு, ஷாஅப் அலி என்கிற பவளத்திட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. படகிலிருந்து ஒரு கயிறு கீழே போகிறது. அதை விட்டுவிடாதீர்கள். இங்கே நீரோட்டம் பலசாலி. கொஞ்சம் அசந்தால் உங்களை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடும்.

இறங்க இறங்கக் காது அடைக்கிறதா? மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதுங்கள், சரியாகிவிடும். ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் நம் மீது ஒரு வளிமண்டல அழுத்தம் கூடிக்கொண்டே போகும். முதலில் சிவப்பு நிறம் காணாமல் போகும். பிறகு ஆரஞ்சு. அப்புறம் எங்கே திரும்பினாலும் நீலம். பதினைந்து மீட்டர் வாக்கில், அந்த நீலத்துக்குள்ளிருந்து கறுப்பாக ஏதோ ஒன்று எழுந்து வருகிறது பாருங்கள்.

கப்பல்!

கூட்டம் கூட்டமாக மீன்கள். தளத்தின் விளிம்பில் பவளம் பூத்திருக்கிறது. டார்ச்சைப் போட்டுக்கொண்டு சரக்கு அறைக்குள் எட்டிப் பாருங்கள். வரிசையாக லாரிகள். பெட்ஃபோர்டு லாரிகள். ஒவ்வொரு லாரியின் முதுகிலும் மோட்டார் சைக்கிள்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. நார்ட்டன் 16ஹெச், பி.எஸ்.ஏ. நம்ம ஊர் புல்லட் மாதிரியே ஒற்றை சிலிண்டர் வண்டிகள். ஹேண்டில்பாரும் சக்கரமும் அப்படியே இருக்கின்றன. சில டயர்களில் ரப்பர்கூடப் போகவில்லை. உதைத்தால் கிளம்பிவிடுமோ என்று ஒரு கணம் தோன்றும்.

பக்கத்து அறையில் ரப்பர் பூட்ஸ்கள் குவிந்து கிடக்கின்றன. பாலைவனப் போருக்குக் கிளம்பிய கப்பலில் முழங்கால் வரை ஏறும் மழைக்கால பூட்ஸ்! அப்புறம் துப்பாக்கிகள். விமான உதிரிபாகங்கள். பின்பக்கம் போனால் பீரங்கிக் குண்டுகள். கப்பலுக்கு வெளியே, முப்பது மீட்டர் ஆழத்து மணலில், ஒரு நீராவி ரயில் என்ஜின் தனியாக நிற்கிறது.

ரயில் என்ஜினா? கடலுக்கடியிலா?

ஆமாம். ஒன்றல்ல, இரண்டு. கப்பலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அவை எப்படி அங்கே போயின என்பதுதான் கதை.

*

கப்பலின் பெயர் எஸ்.எஸ். திசில்கோர்ம். திசில் என்பது ஸ்காட்லாந்தின் தேசியச் சின்னமான முட்பூ. கோர்ம் என்றால் ஸ்காட்லாந்துப் பேச்சில் நீலம். நீல முட்பூ! ஆல்பின் லைன் என்கிற கம்பெனியின் கப்பல் இது. அந்தக் கம்பெனிக்கு எல்லாக் கப்பல்களின் பெயரையும் 'திசில்' என்றே ஆரம்பிக்கிற பழக்கம்.

இங்கிலாந்தின் சண்டர்லேண்ட் நகரில் ஜோசப் தாம்சன் அண்டு சன்ஸ் தளத்தில் கட்டினார்கள். கப்பலைத் தண்ணீரில் இறக்கிய தேதி 1940 ஏப்ரல் 9. அந்தத் தேதியைச் சரித்திரம் வேறொரு காரணத்துக்காக ஞாபகம் வைத்திருக்கிறது. ஹிட்லரின் படைகள் டென்மார்க்குக்குள்ளும் நார்வேக்குள்ளும் புகுந்த நாள் அது. பிறந்த நாளே சரியில்லை என்று நம்ம ஊர் ஜோசியர் சொல்லியிருப்பார்.

நீளம் சுமார் 126 மீட்டர். நம்முடைய ரயில் பெட்டிகளில் ஐந்தைக் கோத்து நிறுத்தினால் வருவதைவிடக் கொஞ்சம் அதிகம். கொள்ளளவு 4,898 டன். உள்ளே நீராவி என்ஜின். கட்டுவதற்கான செலவில் ஒரு பங்கை பிரிட்டிஷ் அரசாங்கமே கொடுத்திருந்தது. போர்க்காலம் ஆச்சே! சரக்குக் கப்பல்தான் என்றாலும் பின்பக்கத்தில் ஒரு பீரங்கியையும், கூடவே ஒரு கனரக இயந்திரத் துப்பாக்கியையும் வைத்து, அவற்றைக் கையாளக் கடற்படை வீரர்கள் சிலரையும் ஏற்றிவிட்டார்கள்.

முதல் பயணம் அமெரிக்காவுக்கு. தண்டவாளமும் விமான உதிரிபாகங்களும் ஏற்றி வந்தது. இரண்டாவது, அர்ஜென்டினா. தானியம். மூன்றாவது, மேற்கிந்தியத் தீவுகள். சர்க்கரையும் ரம்மும். மூன்றையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தது.

நான்காவது பயணம் 1941 ஜூன் 2-ம் தேதி, கிளாஸ்கோவிலிருந்து தொடங்கியது. கேப்டன் வில்லியம் எல்லிஸ். போக வேண்டிய இடம் எகிப்தின் அலெக்சாண்டிரியா. இந்த முறை சரக்கு, ஒரு ராணுவத்துக்கு வேண்டிய சகலமும். லாரிகள், மோட்டார் சைக்கிள்கள், கவச வண்டிகள், துப்பாக்கிகள், வெடிகுண்டுகள், வயர்லெஸ் கருவிகள், பூட்ஸ். மேல்தளத்தில் ரயில் வேகன்களும், இரண்டு ரயில் என்ஜின்களும். ஒவ்வொரு என்ஜினும் 70 டன்னுக்கு மேல்.

எகிப்துக்கு எதற்கு இவ்வளவும்?

அங்கே ரோமல் வந்திருந்தார். 'பாலைவன நரி' என்று எதிரிகளே மெச்சிய ஜெர்மானியத் தளபதி. 1941 பிப்ரவரியில் லிபியாவில் வந்து இறங்கியவர், இரண்டே மாதத்தில் பிரிட்டிஷ் படைகளை எகிப்தின் எல்லை வரை தள்ளிவிட்டார். டோப்ருக் துறைமுகம் மட்டும் முற்றுகைக்குள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. எகிப்து விழுந்தால் சூயஸ் கால்வாய் போய்விடும். அப்புறம் எண்ணெய். அப்புறம் இந்தியாவுக்குப் போகும் வழி.

இந்தியா என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பாலைவனத்தில் பிரிட்டனுக்காக நின்றவர்களில் நம் ஆட்களும் ஏராளம். 4-வது இந்திய டிவிஷன் அங்கே பெயர் வாங்கியது. அதில் மெட்ராஸ் சேப்பர்ஸ் என்கிற பொறியியல் படைப்பிரிவின் கம்பெனியும் இருந்தது. தமிழர்கள் காலங்காலமாகச் சேரும் படைப்பிரிவு. கண்ணிவெடி எடுப்பது, பாதை போடுவது, தண்ணீருக்கு வழி செய்வது எல்லாம் சேப்பர்களின் வேலை. யாருடைய போரோ. ஆனால், லாரிக்கும் வெடிமருந்துக்கும் அங்கே காத்திருந்தவர்களில் நம் ஊர்க்காரரும் உண்டு.

*

கிளாஸ்கோவிலிருந்து அலெக்சாண்டிரியாவுக்கு நேர்வழி, மத்தியதரைக் கடல். அந்த வழியில் போனால் ஜெர்மானிய, இத்தாலிய விமானங்களும் நீர்மூழ்கிகளும் சும்மா விடாது. ஆகவே சுற்றுவழி. ஆப்பிரிக்கா கண்டத்தையே ஒரு சுற்றுச் சுற்றி, கேப் டவுனில் நிலக்கரி நிரப்பிக்கொண்டு, கிழக்குக் கரையோரமாக மேலே ஏறி, செங்கடலுக்குள் நுழைந்து, சூயஸ் வழியாகப் போவது. தி.நகரிலிருந்து மாம்பலத்துக்குத் திண்டுக்கல் வழியாகப் போகிற மாதிரி. கப்பல்கள் கூட்டமாகப் போயின. கேப் டவுனுக்குப் பிறகு துணைக்கு ஹெச்.எம்.எஸ். கார்லைல் என்ற போர்க்கப்பல்.

வழியெல்லாம் பத்திரம். செங்கடலுக்குள்ளும் வந்தாச்சு. இன்னும் கொஞ்ச தூரம்தான். அங்கேதான் விதி குறுக்கே படுத்துக்கொண்டது. சூயஸ் கால்வாயில் கப்பல்கள் மோதிக்கொண்டு வழி அடைபட்டுவிட்டது. டிராபிக் ஜாம்!

வந்த கப்பல்களையெல்லாம் ஓரங்கட்டி நிற்கச் சொன்னார்கள். திசில்கோர்முக்குக் கொடுத்த இடம், ஷாஅப் அலி பவளத்திட்டின் மறைவில். அதற்கு ராணுவம் வைத்திருந்த பெயர், 'பாதுகாப்பான நங்கூரத்தளம் எஃப்'. செப்டம்பரில் நங்கூரம் போட்டது. நாட்கள் போயின. வாரங்கள் போயின. நங்கூரம் எடுக்க உத்தரவு வரவில்லை.

கொஞ்சம் அந்தக் கப்பலில் ஏறி நின்று யோசித்துப் பாருங்கள். காலுக்கடியில் டன் கணக்கில் வெடிமருந்து. தலைக்கு மேல் செங்கடல் வெயில். இரும்புத் தளம் தோசைக்கல். ராத்திரி உள்ளே படுத்தால் புழுக்கம். மாலுமிகள் சிப்பாய்கள் இல்லை. சரக்கு ஏற்றி இறக்கிப் பிழைப்பவர்கள். கப்பல் மூழ்கினால் அன்றோடு சம்பளமும் நின்றுவிடும் என்பது பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் இருந்த பழைய நடைமுறை. உயிர் தப்பிப் படகில் மிதக்கும் நாட்களுக்குக் காசு கிடையாது! 1941 மே மாதம்தான், அதாவது திசில்கோர்ம் கிளம்புவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான், அரசு ஒரு ஆணை போட்டு அதை மாற்றியது.

அதே மே மாதக் கடைசியில் இன்னொன்றும் மாறியிருந்தது. மத்தியதரைக் கடலின் கிரீட் தீவு ஜெர்மனியின் கைக்கு வந்துகொண்டிருந்தது. கிரீட்டிலிருந்து கிளம்பினால் ஹைன்கல் 111 ரக குண்டுவீச்சு விமானம் செங்கடலின் வடக்கு முனை வரை வந்து திரும்ப முடியும். வரைபடத்தில் 'பாதுகாப்பான' என்ற சொல் அப்படியே இருந்தது. பாதுகாப்பு மட்டும் போய்விட்டது.

1941 அக்டோபர் 5. பௌர்ணமி. கடல் முழுக்க வெள்ளி.

அன்றிரவு கிரீட்டிலிருந்து கிளம்பிய ஹைன்கல் விமானங்கள் தேடி வந்தது திசில்கோர்மை அல்ல. ராணுவ வீரர்களை ஏற்றிக்கொண்டு ஒரு பெரிய பயணிகள் கப்பல் எகிப்துக்கு வருவதாக ஜெர்மானியர்களுக்குத் தகவல். புகழ்பெற்ற குயின் மேரியைத்தான் தேடினார்கள் என்று சொல்வோரும் உண்டு. தேடியது கிடைக்கவில்லை. எரிபொருள் குறைகிறது. திரும்ப வேண்டும். கீழே நிலா வெளிச்சத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும் கப்பல்கள். அதில் பெரியதாக ஒன்று.

நள்ளிரவு தாண்டி 1.30 மணி. இரண்டு குண்டுகள். இரண்டும் பின்பக்கத்து நாலாம் நம்பர் சரக்கு அறையில் விழுந்தன. வெடிமருந்து இருந்த அறை.

அவ்வளவுதான்.

உள்ளே இருந்ததெல்லாம் சேர்ந்து வெடித்தது. கப்பலின் பின்பகுதி கிழிந்து பிரிந்தது. மேல்தளத்தில் கட்டியிருந்த 70 டன் ரயில் என்ஜின்கள் இரண்டும் தீப்பெட்டி மாதிரி தூக்கி எறியப்பட்டு, ஆளுக்கொரு பக்கமாகக் கடலில் போய் விழுந்தன. மணலில் நாம் பார்த்தோமே, அந்த என்ஜின்தான்.

நான்கு மாலுமிகளும் ஐந்து கடற்படை பீரங்கி வீரர்களும் இறந்துபோனார்கள். மொத்தம் ஒன்பது பேர். மற்றவர்களைக் கார்லைல் மீட்டது. ஆங்கஸ் மெக்லே என்ற மாலுமி, தப்பித்துப் போகவேண்டிய நேரத்தில் திரும்பி ஓடினார். அடிபட்டுக் கிடந்த ஒரு பீரங்கி வீரரை எரிகிற கப்பலிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார். அவருக்கு ஜார்ஜ் மெடல் கொடுத்தார்கள். கேப்டன் எல்லிஸுக்கும் அரசு கௌரவம் கிடைத்தது.

இரண்டே நாளில், அக்டோபர் 8-ம் தேதி, அதே வட்டாரத்தில் ரோசலி மோலர் என்ற நிலக்கரிக் கப்பலையும் ஜெர்மானியர்கள் மூழ்கடித்தார்கள். நவம்பர் 18-ம் தேதி, பாலைவனத்தில் பிரிட்டிஷ் படை 'குரூசேடர்' என்ற பெயரில் பெருந்தாக்குதலைத் தொடங்கியது. டிசம்பரில் ரோமல் பின்வாங்க, டோப்ருக்கின் எட்டு மாத முற்றுகை முடிவுக்கு வந்தது. திசில்கோர்ம் கொண்டுவந்த ஒரு லாரியும் அந்தச் சண்டையில் ஓடவில்லை. போருக்கு அது ஒரு சின்னக் கணக்கு. பற்று வைத்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியாயிற்று.

அந்தப் போரில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் செத்துப்போனவர்கள் சுமார் 30 ஆயிரம் பேர். அதில் 'லஸ்கர்' என்று அழைக்கப்பட்ட நம் நாட்டு மாலுமிகள் ஆயிரக்கணக்கில். கடலைத் தவிர வேறு கல்லறை இல்லாதவர்களுக்காக லண்டனில் டவர் ஹில் என்ற இடத்தில் பெயர்களைப் பொறித்து நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்கள். இந்தக் கடலடியில் பெயர்ப்பலகை கிடையாது. இரும்புதான் இருக்கிறது.

*

கொஞ்சம் உங்கள் காற்று மீட்டரைப் பாருங்கள். முப்பது மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல நாலு மடங்கு. ஒவ்வொரு மூச்சும் நாலு மூச்சுக் காற்றைக் குடிக்கும். சிலிண்டர் சீக்கிரம் காலியாகும். இங்கே இருபது நிமிடத்துக்கு மேல் தங்கினாலே வில்லங்கம் ஆரம்பம். ரத்தத்தில் நைட்ரஜன் கரைந்துகொண்டே இருக்கும். அவசரமாக மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி அது குமிழிகளாகப் பொங்கி மூட்டுகளை முறுக்கும், ஆளையே முடக்கும்.

இன்னும் காற்று இருக்கிறது. ஒரு விஷயம் கேளுங்கள்.

நீங்கள் வாயில் கடித்துக்கொண்டிருக்கிறீர்களே, அந்த ரெகுலேட்டர், அதுவும் இந்தப் போரின் பிள்ளைதான்.

1940-ல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் விழுந்தது. பெட்ரோலையெல்லாம் ஜெர்மானியர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் கார்களை எரிவாயுவில் ஓட்டத் தலைப்பட்டார்கள். என்ஜின் கேட்கும்போது கேட்கும் அளவு வாயுவை மட்டும் விடும் ஒரு வால்வைச் செய்தார் எமில் கேன்யான் என்ற பொறியாளர். ஏர் லிக்கிட் என்ற கம்பெனியில் வேலை. அந்தக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவருக்கு ஒரு மாப்பிள்ளை. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி. எந்நேரமும் தண்ணீருக்குள்ளேயே கிடப்பவர். பெயர், ழாக் கூஸ்தோ. மாமனார் இருவரையும் சந்திக்க வைத்தார். கார் என்ஜினுக்கு வாயு கொடுக்கிற வால்வு, மனிதனுக்குக் காற்றுக் கொடுக்காதா? கொடுத்தது. 1943-ல், ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த பிரான்ஸில், 'அக்வாலங்' பிறந்தது. இன்றைய ஸ்கூபா கருவிகளுக்கெல்லாம் அதுதான் பாட்டன்.

போர் முடிந்தது. கூஸ்தோவுக்கு ஒரு கப்பல் தேவைப்பட்டது. கின்னஸ் குடும்பத்துக் கோடீஸ்வரர் ஒருவர் 1950-ல் ஒரு பழைய கப்பலை வாங்கி, வருடத்துக்கு ஒரு பிராங்க் வாடகைக்குக் கொடுத்தார். கலிப்ஸோ. அதுவும் யார் என்கிறீர்கள்? போரில் பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கண்ணிவெடி வாரிய கப்பல்!

1950-களின் தொடக்கத்தில் கலிப்ஸோ செங்கடலுக்கு வந்தது. உள்ளூர் மீனவர்களுக்கு எங்கே என்ன கிடக்கிறது என்பது தெரியும். அவர்கள் காட்டிய வழியில் கூஸ்தோ இறங்கினார். ஒரு போர்க்காலக் கிடங்கு, மூடிய மூடி திறக்காமல், அப்படியே இருந்தது. படம் எடுத்தார். 1956-ல் வெளிவந்த அவருடைய 'மௌன உலகம்' படத்தில் திசில்கோர்ம் வருகிறது. கான் திரைப்பட விழாவின் உச்ச விருதையும் பிறகு ஆஸ்காரையும் வாங்கிய படம்.

போரில் மூழ்கிய கப்பலை, போர்த் தட்டுப்பாட்டில் பிறந்த கருவியை மாட்டிக்கொண்டு, போர்க்கப்பலாய் இருந்த ஒன்றிலிருந்து குதித்துத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் நடந்தது. கூஸ்தோ வெறுங்கையோடு திரும்பவில்லை. கப்பலின் மணி, கேப்டனின் இரும்புப் பெட்டி, ஒரு மோட்டார் சைக்கிள். மூன்றையும் மேலே எடுத்தார். அந்தக் காலத்தில் அது யாருக்கும் தப்பாகப் படவில்லை. கடலை நேசிக்க உலகத்துக்கே கற்றுக்கொடுத்தவர் அவர். இந்தக் கப்பலிலிருந்து நினைவுப் பொருள் எடுத்த பழக்கத்துக்கும் அவரேதான் பிள்ளையார் சுழி.

ஆனால் ஒரு நல்ல காரியம் செய்தார். கப்பல் கிடக்கும் இடத்தை வெளியே சொல்லவில்லை.

*

அப்புறம் நாற்பது வருடம் அந்தப் பக்கம் அதிகம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்கிற சூழ்நிலையும் இல்லை. 1956-ல் சூயஸ் போர். 1967-ல் சினாய் முழுவதையும் இஸ்ரேல் பிடித்தது. 1973-ல் மறுபடியும் போர். 1979-ல் சமாதான உடன்படிக்கை. 1982-ல்தான் சினாய் எகிப்தின் கைக்குத் திரும்பி வந்தது. ஒரு போர் மூழ்கடித்த கப்பலுக்கு மற்ற போர்கள் காவல் காத்தன.

சமாதானம் வந்தது. கூடவே சுற்றுலா வந்தது. ஷர்ம் எல் ஷேக்கில் ஹோட்டல்கள் முளைத்தன. 1990-களின் தொடக்கத்தில் டைவிங்காரர்கள் கப்பலை மறுபடியும் கண்டுபிடித்தார்கள். உலகத்திலேயே சிறந்த கப்பல் டைவிங் இடம் என்று பத்திரிகைகள் பட்டியல் போட்டன. தினம் தினம் படகுகள்.

ஹைன்கல் போட்ட குண்டில் மிஞ்சியதை, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக முடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் லாரியின் ஸ்டீயரிங்கைக் கழற்றுவார். இன்னொருவர் வண்டியின் மீட்டரை. வேறொருவருக்கு ஒற்றை பூட்ஸ். ஆளுக்கொன்றுதான். ஆனால் ஆள் எத்தனை! படகுகள் நிற்க வேண்டுமே, கப்பலின் கைப்பிடிக் கம்பியிலேயே கயிற்றைக் கட்டினார்கள். மேலே அலை இழுக்க, கீழே துருப்பிடித்த இரும்பு பிய்ந்துகொண்டு வந்தது.

இதெல்லாம்கூடப் புரிகிறது. எதையுமே தொடாத நல்ல பிள்ளையும் சேதம் செய்கிறார் என்றால் நம்புவீர்களா?

கப்பலுக்குள் போய் நாம் விடுகிற மூச்சு எங்கே போகும்? குமிழியாக மேலே போய், அறையின் கூரையில் முட்டி, அங்கேயே தங்கும். நம் மூச்சில் மிச்ச ஆக்சிஜன் இருக்கிறது. இரும்பு, உப்புத் தண்ணீர், ஆக்சிஜன். துருப்பிடிக்க வேறென்ன வேண்டும்? 2007 டிசம்பரில் ஹூர்கடாவின் சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று கப்பலை வருகையாளர்களுக்கு மூடிவிட்டு வேலையில் இறங்கியது. சிக்கிய காற்று வெளியேற இரும்பில் துளைகள் போட்டார்கள். படகு கட்டுவதற்காகக் கடலடியில் தனியாகப் பிடிமானங்கள் நிறுவினார்கள். பாவம், இரண்டு வருடத்துக்குள் அந்தப் பிடிமானங்கள் ஒன்றும் மிஞ்சவில்லை.

2017-ல் ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். கப்பலையும் சுற்றியுள்ள மணலையும் ஆயிரக்கணக்கான புகைப்படங்களாக எடுத்து, கம்ப்யூட்டரில் கோத்து, முழுக் கப்பலின் முப்பரிமாண உருவத்தைச் செய்துவிட்டார்கள். இரும்பு போனாலும் படமாவது நிற்கும் என்ற ஏற்பாடு. வயதான தாத்தாவை உட்கார வைத்து போட்டோ எடுத்து வைத்துக்கொள்வோமே, அப்படி.

சட்டம் என்ன சொல்கிறது என்கிறீர்களா? 2001-ல் யுனெஸ்கோ, நீருக்கடியில் உள்ள பண்பாட்டு மரபுச் செல்வங்களைக் காக்க ஒரு சர்வதேச உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. நல்ல உடன்படிக்கை. அதில் ஒரு நிபந்தனை. குறைந்தது நூறு வருடம் தண்ணீருக்கடியில் கிடந்திருக்க வேண்டும். அப்போதுதான் அது மரபுச் செல்வம்.

விரலை மடக்கி எண்ணுங்கள். திசில்கோர்ம் மூழ்கியது 1941. நூறு வருடம் நிறைவது 2041 அக்டோபர் 6. அந்த நாள் வரைக்கும் இந்த உடன்படிக்கையின் கணக்கில் அது மூழ்கிய இரும்பு. மறுநாள் காலையில் மானுட குலத்தின் சொத்து. அதுவரை தாக்குப்பிடித்தால்.

நூறு வருடம் கழித்துத்தான் ஒரு பொருளுக்கு மரியாதை என்று யார் வகுத்தது? நம் தாத்தாவின் டிரங்குப் பெட்டியைக்கூட அப்படித்தான் நடத்துகிறோம். அப்பா காலத்தில் அது பழைய சாமான், பரணில் கிடந்து துருவேறும். பேரன் காலத்தில் 'ஆன்டிக்', கூடத்தில் நடுவில் வைத்துப் பூச்சாடி வைப்போம். நடுவில் இருக்கும் வருடங்கள்தான் ஆபத்தான வருடங்கள். எதுவும் தொலைவதென்றால் அப்போதுதான் தொலையும்.

அப்படியானால் யாரையும் விடக்கூடாது, மூடிவிட வேண்டும் என்கிறீர்களா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பார்க்க ஆளில்லாமல் போயிருந்தால் அந்த ஒன்பது பேரைப் பற்றி நீங்களும் நானும் இன்று பேசிக்கொண்டிருக்க மாட்டோம். அந்தப் போரில் மூழ்கிய ஆயிரக்கணக்கான சரக்குக் கப்பல்களில் ஒன்றாக அது பட்டியலில் கிடந்திருக்கும். பார்க்க வந்தவர்கள்தான் அதை ஞாபகம் வைத்தார்கள். பார்க்க வந்தவர்கள்தான் அதைத் தின்றார்கள். இரண்டும் உண்மை. படகுகளின் எண்ணிக்கைக்கு ஒரு கணக்கு, கயிறு கட்ட ஒரு தனி இடம், மேலே ஏறும்போது பையில் ஒரு சோதனை. இந்த மூன்றையும் கறாராகச் செய்தாலே பாதிச் சேதம் குறையும். இதற்கு 2041 வரை காத்திருக்கத் தேவையில்லை.

சரி, மீட்டரின் முள் சிவப்பைத் தொடப்போகிறது. கிளம்பலாம்.

மோட்டார் சைக்கிளைத் தடவிப் பார்க்க ஆசையாக இருக்கிறதா? வேண்டாம். கையைக் கட்டிக்கொள்ளுங்கள். நல்ல டைவர்கள் கையைக் கட்டிக்கொண்டுதான் மிதப்பார்கள். அந்த ரப்பர் பூட்ஸையும் விட்டுவிடுங்கள். உங்கள் சைஸ் கிடைக்காது.

கயிற்றைப் பிடித்து மெதுவாக ஏறுங்கள். உங்கள் குமிழிகளை நீங்கள் முந்தக்கூடாது. ஐந்து மீட்டர் ஆழம் வந்ததும் நிறுத்துங்கள். ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அங்கே மூன்று நிமிடம் சும்மா நிற்க வேண்டும். உலகம் முழுக்க டைவிங்கில் இதுதான் வழக்கம். பேச முடியாது. செய்ய ஒரு வேலையும் கிடையாது. கீழே பார்த்தால் கப்பல் மறுபடியும் நீலத்துக்குள் போய்க்கொண்டிருக்கும்.

நம்ம ஊரில் இறந்தவர்களுக்காக எழுந்து நின்றால் இரண்டு நிமிடம்தான் மௌனம். இங்கே ஒரு நிமிடம் அதிகமாகவே கிடைக்கிறது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காமல், நான்கு மாலுமிகளையும் ஐந்து பீரங்கி வீரர்களையும் ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள். இறங்கிப் பார்க்க நமக்கு அவர்கள் கட்டணம் எதுவும் கேட்கவில்லையே.